ஜெக்கரியா விற்றுக் கொடுத்த ஜோடி வண்டி

ஜெக்கரியா இதை என்னிடம் சொல்ல ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எழுதினா என் பேரைப் போட்டு எழுதுங்க சார். வேற பேரு வச்சு எழுதுறதா இருந்தா நான் சொல்லலை" என்றார்.

நான் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மொபெட்டை இருபது வருஷமாக அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடத்தில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. அதிகம் பேசமாட்டார். கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் புதுசை மாட்டுவார். ஊரில் நாணயமான மெக்கானிக் யார் என்று கேட்டால் அவரைத்தான் கைகாட்டுவார்கள். அவர் காதுபட யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் மட்டும் அவர் முகம் சுருங்கிப்போகும். அடக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

கதை சித்தாநல்லூர் பண்ணையில் ஆரம்பிக்கிறது. மன்னார்குடியிலிருந்து பதினான்கு மைல். அந்தப் பண்ணைக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் சிங்காரவேலு, இளையவர் தியாகராசன். ஒருத்தனுக்கு வாங்கினால் இன்னொருத்தனுக்கு மனசு கோணும் என்று அவர்கள் அப்பா எதையும் இரண்டாகத்தான் வாங்குவார். ஐம்பத்து மூன்றில் மெட்ராசுக்குப் போய் இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். பிரான்சிஸ் பார்னெட் என்று பெயர். சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டிகள். இரண்டும் கரும்பச்சை. பதிவு எண்ணும் அடுத்தடுத்தது, வண்டியின் இரும்புச் சட்டத்தில் வெட்டியிருந்த எண்ணும் அடுத்தடுத்தது. புல்லட் மாதிரி கனத்த வண்டி இல்லை. இரண்டு ஆள் சேர்ந்தால் தூக்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிடலாம். வரப்பு வழியில் ஓட்ட அதைப்போல வசதியான வண்டி அப்போது கிடையாது.

அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்துதான் ஊற்றவேண்டும். என்ஜினுக்குள் எண்ணெய் போக வேறு வழியே இல்லை. அளந்து ஊற்றுவதற்கென்று டேங்க் மூடியின் உள்பக்கத்திலேயே ஒரு சின்னக் குவளை வைத்திருப்பார்கள். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் ஐந்தாறு மைலுக்குள் பிஸ்டன் இறுகி வண்டி நின்றுவிடும்.

ஜெக்கரியா இருபத்திரண்டு வயதில் தனியாகப் பட்டறை போட்டார். இடம் சிங்காரவேலுவுடையது. வாடகைக்கு இருந்தார். இரண்டு பார்னெட்டும் அவர் கைக்குத்தான் வரும். அதற்குள் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. அண்ணன் மிராசுதார் சங்கத்தில். தம்பி விவசாயத் தொழிலாளர் சங்கத்தில், சிவப்புக் கொடி. தன் பங்கு நிலத்தைச் சாகுபடி செய்தவர்களுக்கே எழுதிவைத்துவிட்டு, மன்னார்குடியில் வாடகை வீட்டில் குடியிருந்தார். அவரிடம் மிச்சமிருந்த சொத்து அந்த வண்டிதான். ஊர் ஊராக அதில்தான் போவார். "தோழர்னு கூப்பிடு ஜெக்கரியா" என்பார். ஜெக்கரியாவுக்கு அது வாயில் வராது. "சரிங்க சின்னவரே" என்பார்.

அறுபத்தெட்டு தை மாதம். புது ஆட்சி வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. கோட்டையில் கொடி மாறியாகிவிட்டது, நம் களத்தில் என்ன மாறப்போகிறது என்று கூலிக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். சம்பா அறுவடைக்குக் கலத்துக்கு இன்னும் அரைப்படி நெல் வேண்டும் என்று சித்தாநல்லூரில் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். சிங்காரவேலு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுக்க ஏற்பாடு செய்தார். லாரியோடு தடியெடுத்த ஆட்களும் வருவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

தியாகராசன் இரண்டு நாள் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே கிடந்து, தாசில்தாரிடம் ஒரு உத்தரவு வாங்கிவிட்டார். மூன்று நாளைக்கு வெளியாட்களும் இறங்கக்கூடாது, உள்ளூர் ஆட்களும் வயலுக்குள் போகக்கூடாது, அதற்குள் பேசி முடித்துக்கொள்ளவேண்டும். தாசில்தார் ஜீப் காலை பத்து மணிக்குத்தான் கிளம்பும். லாரி ஏழு மணிக்கே வரும். அதனால் விடியும்போதே தாளை எடுத்துக்கொண்டு நானே போய்விடுகிறேன் என்று தியாகராசன் சொல்லியிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டார்.

"கிளச் கேபிள் இழுக்குது. மாத்திட்டு, டேங்கை ரொப்பி வை. அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

"நான் இங்கதான் இருப்பேன் சின்னவரே. எடுத்துக்கலாம்."

அவர் போய் ஒரு மணி நேரத்தில் அதே மாதிரி இன்னொரு வண்டிச் சத்தம். சிங்காரவேலு வந்து இறங்கினார். அவர் பட்டறைக்குள் வந்து உட்காருகிற ஆளில்லை. அன்றைக்கு ஒரு காலி எண்ணெய் டின்னைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜெக்கரியா, தம்பி நாளைக்கு அங்க வரான்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க."

"வரவேண்டாம். லாரியில வர்றவனுங்களுக்கு இவன் யாரு எவருன்னு தெரியாது. தலையில ஒண்ணு போட்டுட்டா நான் எங்க அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது? நான் சொன்னா கேக்கமாட்டான். வண்டி நின்னுட்டாப் போதும்."

ஜெக்கரியா சின்னவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"உன்னைத் திருடச் சொல்லலை, எதையும் உடைக்கச் சொல்லலை. எண்ணெய் ஊத்தாம விட்டுடு. அவ்வளவுதான். அவன் உசிருக்குச் சொல்றேன்."

எழுந்து போகும்போது பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "வாடகை கொடுத்துக்கிட்டே எத்தனை நாள் இருப்பே? இதை உன் பேர்ல எழுதிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவர் முதல்ல சொன்னதுக்காகச் செஞ்சேனா, கடைசியில சொன்னதுக்காகச் செஞ்சேனான்னு என்னையே நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன் சார். முதல்ல சொன்னதுக்காகன்னு சொல்லத்தான் ஆசை" என்றார் ஜெக்கரியா.

டேங்கில் மிச்சமிருந்ததை வடித்தார். புதுப் பெட்ரோலை ஊற்றினார். மூடியைத் திருகி மூடினார். குவளையைத் தொடவில்லை. கிளச் கேபிளை மட்டும் ரொம்பக் கவனமாக மாற்றினாராம். காலையில் ஐந்து மணிக்குத் தியாகராசன் வந்து, உத்தரவுத் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. "உன் கை பட்டா வண்டியே வேற" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாவது மைலில், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் என்ஜின் இறுகிவிட்டது. ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். உதைத்தால் மிதி அசையவில்லை. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வண்டியை மதகில் சாய்த்துவிட்டு எட்டு மைல் நடந்தும் ஓடியும் போயிருக்கிறார். சித்தாநல்லூர் போய்ச் சேர்ந்தபோது எட்டரை மணி.

ஏழு மணிக்கே லாரி வந்துவிட்டது. ரெத்தினம் என்று ஒரு ஆள், முப்பது வயசு, சங்கத்தில் கிளைச் செயலாளர். தாசில்தார் உத்தரவு வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று லாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உத்தரவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஐயா கொண்டுவருகிறார் என்றிருக்கிறார். அரை மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறார். அப்புறம் தலையில் அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்றாம் நாள் போய்விட்டார். அவர் மனைவி அமிர்தத்துக்கு அப்போது கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று.

ரெத்தினம் இறந்த சேதி வரும் முன்னாலேயே, அடிபட்ட மறுநாள், தியாகராசன் வண்டியை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கால் இரண்டும் கொப்புளம். "என்ன ஆச்சு ஜெக்கரியா இதுக்கு?" என்றார்.

ஜெக்கரியா குனிந்து என்ஜினைத் தட்டிப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னார். "நீங்க ஓட்டின வேகத்துக்கு எந்த என்ஜின் தாங்கும் சின்னவரே? சூடேறிப் பிடிச்சிடுச்சு."

"வேகமாத்தான் ஓட்டினேன்" என்றார் தியாகராசன். "நேரத்துக்குப் போகணும்னு ரொம்ப முறுக்கிட்டேன். நிதானமாப் போயிருந்தா ஆறரைக்குப் போயிருப்பேன். இல்லையா?"

"ஆமாங்க."

இந்த "ஆமாங்க"வைச் சொல்லும்போது ஜெக்கரியா என் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணெய் ஊற்றாததுகூடப் பெரியவர் சொல்லிச் செய்தது, இது யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது என்றார்.

தியாகராசன் அந்த வண்டியைச் சரிபார்க்கவே விடவில்லை. வீட்டுக் கொல்லையில் கீற்றைப் போட்டு மூடிவிட்டார். அதற்குப் பிறகு மோட்டார் வைத்த எதையும் அவர் ஓட்டவில்லை. சைக்கிள்தான். பங்குனியில் பட்டறை இடத்துக்குக் கிரயப் பத்திரம் பதிவானது. ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை சிங்காரவேலு. பிற்பாடு நில உச்சவரம்புச் சட்டம் இறுகியபோது அவர் செத்தவர் பேரிலும் சமையல்காரர் பேரிலும் எழுதிவைத்த நிலமெல்லாம் சந்திக்கு வந்தது. ஜெக்கரியா பேரில் எழுதிய மூன்று சென்டை மட்டும் யாரும் கேட்கவில்லை.

சித்தாநல்லூர்ப் பக்கம் ஜெக்கரியா போவதே இல்லை. அங்கே வண்டி நின்றுவிட்டது என்று ஆள் வந்தால் காய்ச்சல் என்பார், ஸ்பேனர் இல்லை என்பார். தியாகராசன் மட்டும் வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து பட்டறையில் பேப்பர் படித்துவிட்டுப் போவார். இருபத்தெட்டு வருஷம் வந்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார் ஜெக்கரியா. அதற்கு மேல் முடியவில்லை.

தொண்ணூற்றைந்தில் சிங்காரவேலு காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டில். அடுத்த வருஷம் அவர் மனைவி வள்ளியம்மை, மன்னார்குடியில் இருந்த பெரிய வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். வண்டிக் கொட்டகையில் இருந்த பார்னெட்டை என்ன செய்வது என்று ஜெக்கரியாவைக் கூப்பிட்டுக் கேட்டார். ஜெக்கரியா விசாரித்ததில் திருச்சியிலிருந்து இராஜாங்கம் என்பவர் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய மோட்டார் சைக்கிள் சேர்ப்பவர். பூதக்கண்ணாடி வைத்துச் சட்ட எண்ணைப் படித்தார். இதற்கு அடுத்த எண் வண்டியும் இதே ஊரில் இருக்கிறது என்று கேட்டதும் மறுபடி ஒரு தடவை குனிந்து எண்ணைப் படித்தாராம்.

"ஜோடியா நான் எங்கயுமே பார்த்ததில்லை பாய். தனித்தனியா எனக்கு வேண்டாம். ரெண்டும் சேர்ந்தா என்ன விலைன்னாலும் சொல்லுங்க" என்றார்.

ஜெக்கரியா கொல்லைக்குப் போய்க் கேட்டார். தியாகராசனுக்கு அப்போது அறுபத்து நாலு வயது. கீற்றுக்கு அடியில் கிடந்த வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"எடுத்துக்கிட்டுப் போ. சங்க ஆபீஸ் கூரை ஒழுகுது, அதுக்கு ஆகும். ஆனா ஒண்ணு. அது ஏன் நின்னுச்சுன்னு வாங்குறவர்கிட்ட சொல்லிடணும். ஓட்டத் தெரியாதவன் வேகமா ஓட்டிப் பாழாக்கினதுன்னு சொல்லிடு. மறைச்சு விக்கக்கூடாது."

ஜெக்கரியா தலையாட்டினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் வரும்போது கண் தெரியாமல் ஒரு ரிக்‌ஷாவில் மோதப் பார்த்தாராம்.

என்ஜினை டீசலில் ஊறப்போட்டு ஐந்தாம் நாள் பிஸ்டனைக் கழற்றினார். அலுமினியம் துருப்பிடிக்காது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின கீறல் நேற்றுப் போட்டது போல இருந்தது. சாக்கில் சுற்றி ஆற்றில் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்திருக்கிறார். ஆனால் இராஜாங்கம் முதல் நாளே சொல்லிவிட்டார், "கழட்டுற எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க பாய். பழசு எல்லாம் எனக்கு வேணும், ஆணி உட்பட." பிஸ்டன் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? கடைசியில் ஒரு துணியில் முடிந்து வைத்தார். தைரியத்தால் இல்லை, வேறு பொய் கிடைக்கவில்லை என்றார் என்னிடம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய வீட்டு வாசலில் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். தியாகராசன் கையெழுத்துப் போட வரவேண்டியிருந்தது. அந்த வீட்டு வாசற்படியை அவர் மிதித்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. வள்ளியம்மை எழுந்து வந்து, "வாங்க தம்பி" என்றார். "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு அவர் வெளியிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

இராஜாங்கம் பழைய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அட்டைப் பெட்டியில் வைத்தார். துணி முடிச்சை அவிழ்த்தார். பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேகத்தால போனதுன்னா சொன்னீங்க?"

"நான்தான் ஓட்டினேன்" என்றார் தியாகராசன். "ரொம்ப வேகம்."

"இல்லைங்க ஐயா. வேகத்துல சூடேறினா புகை போற பக்கம்தான் கீறும். இதைப் பாருங்க, சுத்திலும் உரிஞ்சிருக்கு. துளி எண்ணெயே இல்லாம ஓடியிருக்கு. யாரோ பச்சைப் பெட்ரோலை ஊத்தியிருக்காங்க." வண்டியின் சரித்திரத்தைக் குறித்துவைக்கிற ஆர்வம் அவருக்கு. குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு கேட்டார். "அன்னைக்குப் பெட்ரோல் ஊத்தினது யாருங்க?"

தியாகராசன் பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தார். விரலால் ஒரு சுற்றுத் தடவினார். ஜெக்கரியாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பார்வையில கோபம் இல்லை சார். ஒரு கணக்குத் தப்பா வந்துக்கிட்டே இருந்து, திடீர்னு சரியா வந்தா ஒரு முழி முழிப்போமே, அந்த மாதிரி."

ஜெக்கரியா வாயைத் திறந்தார். அதற்குள் தியாகராசனே சொல்லிவிட்டார்.

"நான்தான் ஊத்தினேன். எண்ணெய் கலக்க மறந்திருக்கேன் போல."

இராஜாங்கம் அதை எழுதிக்கொண்டார். தியாகராசன் கையெழுத்துப் போட்டார். வண்டிகளை வேனில் ஏற்றினார்கள். போகும்போது இராஜாங்கம் தரகுக்கென்று ஒரு கவரை ஜெக்கரியாவிடம் நீட்டினார். ஜெக்கரியாவின் கை அதை வாங்கிக்கொண்டது.

மறுநாள் மத்தியானத் தொழுகை முடிந்ததும் நேரே தியாகராசன் வீட்டுக்குப் போனார். அவர் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜெக்கரியா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். தியாகராசன் கொடியில் துணியைப் போட்டபடியே கேட்டார். இடையில் இரண்டே கேள்வி.

"அண்ணன் சொல்லித்தானே?"

"ஆமாங்க."

"என்ன கொடுத்தார்?"

"பட்டறை இடம்."

கடைசித் துணியையும் உதறிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜெக்கரியாவை உட்காரச் சொல்லவில்லை.

"நேத்து ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று ஜெக்கரியா கேட்டார்.

"உனக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காதே. விலை பேச வந்த ஒரு வெளியாள் நோட்டுல ரெத்தினம் சாவை எழுதவேண்டாம்னு சொன்னேன்." சொல்லும்போதே அவர் குரல் மாறிவிட்டது. "இருபத்தெட்டு வருஷம் ஜெக்கரியா. நான்தான் அவனைக் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நிதானமா ஓட்டியிருந்தா, நிதானமா ஓட்டியிருந்தான்னு. வாராவாரம் உன் கடையில வந்து உட்கார்ந்திருந்தேனே. ஒரு நாளாவது உனக்குத் தோணலையா?"

"எல்லா நாளும் தோணுச்சுங்க."

"அது இன்னும் மோசம்" என்றார் தியாகராசன். "என்கிட்ட சொல்லியாச்சு. நான் வருஷா வருஷம் போய் அமிர்தம் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கிறேன். இந்த வருஷம் நீ போய் நில்லு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி நூர்ஜஹானிடம் சொன்னார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகியும் அவருக்கும் இது தெரியாது. கேட்டுவிட்டு அவர் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அப்புறம், "நம்ம மகளோட நிக்காஹ்வுக்கு அந்தச் சின்னய்யா சைக்கிள்ல வந்து வாழ்த்திட்டுப் போனாரே. அப்பக்கூடவா உங்களால வாய் திறக்க முடியலை?" என்று மட்டும் கேட்டார்.

சித்தாநல்லூருக்குப் போகும் பஸ்ஸில் ஏற அவருக்கு மேலும் மூன்று வாரம் ஆனது. இரண்டு தடவை பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறார்.

அமிர்தத்துக்கு உச்சவரம்பில் எடுத்த நிலத்தில் ஒரு ஏக்கர் கிடைத்திருந்தது. அவர் அதில் களை பறித்துக்கொண்டிருந்தார். யாரோ பாய் வந்திருக்கிறார் என்று பக்கத்து வயலில் இருந்து குரல் கொடுத்தார்கள். சேற்றுக் காலோடு வரப்புக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

ஜெக்கரியா சொல்லி முடித்ததும் அமிர்தம் கேட்டது ஒன்றுதான்.

"எண்ணெய் ஊத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் பாய்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்" என்று அமிர்தம் திருப்பிச் சொன்னார். கையில் இருந்த களைக் கட்டைக் கீழே போட்டார். "எம் புருசன் அரை மணி நேரம் நின்னாரு. வந்துடுவாரு வந்துடுவாருன்னு ரோட்டைப் பார்த்துக்கிட்டே நின்னாரு. நானும் பார்த்தேன்."

ஜெக்கரியா அழுதிருக்கிறார். "அழாதீங்க, எனக்குப் பிடிக்கலை" என்றாராம் அமிர்தம். "இந்த ஊர்ல பாதிப் பேரு இன்னும் என்ன சொல்றான் தெரியுமா? ஐயா அண்ணனுக்குப் பயந்துதான் லேட்டா வந்தாருன்னு சொல்றான். அதுக்கு அவரு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினது கிடையாது. தையில எம் புருசன் நெனைவு நாள் வருது. எல்லாரும் வருவாங்க. இங்க எங்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லுங்க." சொல்லிவிட்டுத் திரும்ப வயலில் இறங்கிவிட்டார்.

தை மாதம் நினைவு நாளில் கொடியேற்றம் முடிந்ததும் தியாகராசன் மைக்கைக் கொடுத்தார். ஜெக்கரியாவுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. பேசப் பேசக் குரல் உள்ளே போனது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர், "கேக்கலை, சத்தமாச் சொல்லு" என்றார். மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னார். அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போயிருந்தார். யாரும் அடிக்கவில்லை. அந்தக் கிழவர் மட்டும் எழுந்து, "அந்த இடம் இப்ப யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

"என் பேர்லதாங்க."

"சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு பெண் வந்து எல்லோருக்கும் டீ கொடுத்தாள். ஜெக்கரியாவுக்கும் ஒரு டம்ளர் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உடம்பெல்லாம் கூசியது என்றார்.

இடத்தைச் சங்கத்துக்கு எழுதித் தருகிறேன் என்று போய்க் கேட்டார். கூட்டம் போட்டுப் பேசி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய வீட்டிலும் போய்க் கேட்டார். வள்ளியம்மை, "அவர் கொடுத்ததை நான் எப்படித் திருப்பி வாங்குறது?" என்றார். ஜெக்கரியா கொட்டகையைப் பிரித்து, இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு கடை எடுத்துப் போனார். பழைய இடத்தில் இப்போது கருவேலம் முளைத்திருக்கிறது. அதை என்ன செய்வதென்று இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை. வாடிக்கையில் பாதி குறைந்தது. அதைப் பற்றி அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை.

தியாகராசன் பேப்பர் படிக்கப் புதுக் கடைக்கு வரவே இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால் சைக்கிளில் இருந்தபடி ஒரு தலையசைப்பு. தொண்ணூற்றொன்பது சித்திரையில் இறந்துபோனார். சித்தாநல்லூரிலிருந்து மூன்று லாரியில் ஜனம் வந்திருந்தது. ஜெக்கரியா கூட்டத்தோடு சேராமல் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். நல்ல உச்சி வெயில். அமிர்தம் உள்ளேயிருந்து வெளியே வந்தவர் அவரைப் பார்த்தார். கண் வீங்கியிருந்தது.

"பாய், அங்க ஏன் வெயில்ல நிக்கறீங்க? இப்படிப் பந்தல்ல வந்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வேலையாகப் போய்விட்டார்.

"அது மன்னிப்பு இல்லை சார், எனக்குத் தெரியும்" என்றார் ஜெக்கரியா. "வெயில்ல நிக்கிற எவனைப் பார்த்தாலும் அந்தம்மா அதைச் சொல்லியிருக்கும். நான் போய்ப் பந்தல்ல நின்னேன். அங்க நிழலா இருந்துச்சு. அதுக்கும் வெட்கமா இருந்துச்சு."